வெளிநாட்டில் ஏர்சாஃப்ட் ஆடப் போகிறீர்களா? வடசென்னையில் வாங்குவது எது, அங்கே போய் வாங்குவது எது

விசா கைக்கு வந்ததும் எம்.சி. ரோட்டுக்கு ஜெர்கின் வாங்கப் போகிற நம்ம பக்கத்துப் பசங்க இப்போது இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள்: "அண்ணே, அங்க போனா ஏர்சாஃப்ட் ஆடலாமாமே, என்னென்ன வாங்கணும்?" பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் ஆடி வளர்ந்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கேட்ட அடுத்த நிமிஷமே செல்போனைத் திறந்து ஒரு துப்பாக்கிப் படத்தைக் காட்டி "இது எப்படி?" என்பார்கள். அங்கேதான் வரிசை மாறிவிடுகிறது. முதலில் அந்த நாட்டுச் சட்டம், பிறகு கண், பிறகு கால், பிறகு மைதானம். துப்பாக்கி கடைசி. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம், முழுத் தலைவலியும் மிச்சம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1970களில் ஜப்பானில் தொடங்கிய விளையாட்டு இது. 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டைச் சுடும், நிஜத் துப்பாக்கி போலவே இருக்கிற கருவிகளை வைத்துக்கொண்டு, இரண்டு அணியாகப் பிரிந்து காட்டிலோ பழைய கட்டடத்திலோ ஆடுவார்கள். பெயின்ட்பால் மாதிரி சாயம் ஒட்டாது. அடி பட்டவர் தானே "ஹிட்" என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். அம்பயர் பார்த்துச் சொல்வார் என்று காத்திருக்கிற ஆளை அடுத்த வாரம் யாரும் அணியில் சேர்க்க மாட்டார்கள்.

எந்த நாடு என்பதுதான் முதல் கேள்வி

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டு இடத்திலும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். "ஆன்லைன்ல கிடைக்குதே" என்பது அங்கே ஒரு பதிலே அல்ல. வேலை அனுமதிச் சீட்டில் போயிருக்கிறவர் அந்தப் பார்சலைத் தொடவே கூடாது. ஆஸ்திரேலியாவிலும் ஏர்சாஃப்டுக்கு இடமில்லை. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மட்டும் தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் விளையாட்டு உண்டு. அதற்கும் தனி விதிகள் இருக்கின்றன.

மற்ற நாடுகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. குண்டின் வேகத்தை எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு இத்தனை அடி என்று சொல்வார்கள், சட்டமோ பெரும்பாலும் ஆற்றலின் அளவான ஜூலில் பேசும். 0.20 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில், அதாவது 328 எஃப்.பி.எஸ்.ஸில் போனால் அதன் ஆற்றல் சரியாக 1 ஜூல். அதே 1 ஜூலில் 0.25 கிராம் குண்டு சுமார் 293 எஃப்.பி.எஸ்.தான் போகும். ஆகவே யாராவது "350 எஃப்.பி.எஸ்." என்று சொன்னால் "எந்த எடைக் குண்டுல?" என்று கேளுங்கள். கேட்டவுடனே நீங்கள் நேற்று வந்த ஆள் இல்லை என்று தெரிந்துவிடும்.

பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் நிஜம் போலத் தெரிகிற போலித் துப்பாக்கிகளை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது. 2007 அக்டோபரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஏர்சாஃப்ட் ஆடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் நீங்கள் ஆடுகிறவர் என்று காட்ட வேண்டும். அதற்குக் கடைக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கிற பதிவு முறைதான் யுகாரா. 18 வயது ஆகியிருக்க வேண்டும். பதிவு பெற்ற ஒரு மைதானத்தில் குறைந்தது மூன்று ஆட்டம், அதுவும் 56 நாளுக்குக் குறையாத இடைவெளியில் பரவியிருக்க வேண்டும். ஒரே வார இறுதியில் மூன்றையும் ஆடி முடித்துவிட்டு எண் வாங்க முடியாது. நம்ம ஆட்கள் பலருக்கு இது எரிச்சல். எனக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது. அந்த இரண்டு மாதத்தில் வாடகைத் துப்பாக்கியில் ஆடிப் பார்த்துவிட்டால், எது வேண்டும், எது வேண்டாம் என்று தானாகத் தெரிந்துவிடும்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு அங்கே பாதிக்கு மேல் நீலமோ பச்சையோ பூசிய துப்பாக்கிகளை விற்பார்கள். அவற்றுக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் வாங்காதீர்கள், பிறகு விற்கப் போனால் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆளிருக்காது. அதை வாங்கிவந்து வீட்டில் கறுப்புப் பெயின்ட் அடிக்கிற யோசனை இன்னும் மோசம். விலக்கு இல்லாதவர் அப்படிச் செய்தால், போலித் துப்பாக்கி தயாரித்த குற்றம்.

ஜப்பானில் பதிவு எதுவும் வேண்டாம், 18 வயது ஆனதற்கு அடையாள அட்டை போதும். ஆனால் ஆற்றல் வரம்பு 0.98 ஜூல். அதைத் தாண்டினால் அது பொம்மை இல்லை, சட்டப்படி வேறு பொருள், வைத்திருப்பதே குற்றம். ஜெர்மனியில் 0.5 ஜூல் வரை பொம்மைக் கணக்கு. அதற்கு மேல் 18 வயது வேண்டும், ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து பொறித்த முத்திரை வேண்டும், ஒரு விசைக்கு ஒரு குண்டுதான் வர வேண்டும். 0.5 ஜூலுக்கு மேல் தொடர்ந்து சுடுகிற வகை அங்கே தடை. துப்பாக்கியில் டார்ச்சோ லேசரோ மாட்டுவதும் தடை. அயர்லாந்தில் 1 ஜூல். அமெரிக்காவில் குழாய் நுனி ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் பொது விற்பனை விதி. அதற்கு மேல் மாநிலமும் நகரமும் தனித்தனியாக விதி போட்டிருக்கும். நியூயார்க் நகரில் நிஜம் போலத் தெரிகிற பொம்மைத் துப்பாக்கி விற்பதற்கே தடை.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் 0.20 கிராமுக்கு 350 எஃப்.பி.எஸ். காட்டுகிற சாதாரண எம்4 ரகத் துப்பாக்கி கிட்டத்தட்ட 1.14 ஜூல். பிரிட்டனில் அது சட்டத்துக்குள். அதையே தூக்கிக்கொண்டு படிப்புக்கோ வேலைக்கோ டோக்கியோ போனால் குற்றம், தொடர்ந்து சுடுகிற வகை என்பதால் பெர்லின் போனாலும் குற்றம். பொருள் ஒன்றுதான், எல்லை தாண்டினால் கதை வேறு. நாடு மாறும்போது துப்பாக்கியை விற்றுவிட்டுப் போவது ஒன்றுதான் சரி.

இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டியவை

பெட்டியில் 23 கிலோதான். அதில் அம்மா வைக்கிற ஊறுகாய்க்கும் பொடிக்கும் போக மிச்சத்தில்தான் நமக்கு இடம். அதனால் மூன்றே விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, கண்ணாடி போடுகிறவர்கள் இங்கேயே பார்வையைச் சோதித்து, பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கூடுதல் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். ஃப்ரேம் சின்னதாக, பக்கவாட்டில் ஒட்டினாற்போல இருக்கட்டும். மேலே போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியான காக்கில்ஸுக்குள் அடங்க வேண்டும். பெரம்பூரிலோ தங்கசாலையிலோ ஆகிற செலவையும் மான்செஸ்டரில் ஆகிற செலவையும் ஒப்பிட்டால் ஏன் சொல்கிறேன் என்று புரியும். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் வேண்டாம். பாலிகார்பனேட் என்று கேட்டு வாங்குங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது உடை. எம்.சி. ரோட்டில் கெட்டித் துணியில் முழுக்கைச் சட்டை, கார்கோ பேன்ட் மலிவாகக் கிடைக்கும். காக்கி, பாசிப்பச்சை, பழுப்பு, கறுப்பு என்று வெற்று நிறமாகவே எடுங்கள். பட்டாளத்து உடை மாதிரித் திட்டுத் திட்டாக நிறம் போட்ட துணி வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் நிற்கிறவருக்குக் கேள்விகள் கூடுதலாகத்தான் வரும். அங்கேயும் முதல் நாளில் யாரும் உடையைப் பார்த்து மதிப்பதில்லை. முழங்காலுக்கு, பெரியமேடு விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கிற வாலிபால் பேட் ஒரு ஜோடி போதும். விரல் முழுக்க மூடுகிற பைக் கையுறை ஒன்று. நகத்தின் மேல் குண்டு பட்டால் என்ன ஆகும் என்று பட்டவரைக் கேளுங்கள்.

மூன்றாவது காலணி, இதை மட்டும் இங்கிருந்து எடுத்துப் போகாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஹார்பரிலோ மணலியிலோ எண்ணூரிலோ வேலை பார்க்கிற வீடுகளில் சேஃப்டி ஷூ கிடக்கும். "இதையே போட்டுக்கலாமே" என்று தோன்றும். இரும்பு முனை வைத்த அந்த ஷூ கான்கிரீட் தரைக்குச் செய்தது. குளிர்காலத்தில் அந்த இரும்பு விரலை உறையவைக்கும், ஈரக் களிமண்ணில் அடி வழுக்கும், எடையும் அதிகம். கணுக்காலைப் பிடித்து நிற்கிற மலையேற்ற ஷூவை அங்கே போய், அந்த ஊர் மண்ணுக்கு ஏற்ற அடியுடன் வாங்குங்கள். வாங்கியதும் மைதானத்துக்குப் போட்டுப்போகாமல், ஒரு வாரம் வேலைக்கோ கல்லூரிக்கோ போட்டு நடந்து பழக்குங்கள். குளிருக்கு உள்ளே போடுகிற தெர்மல் துணியையும் அங்கேதான் வாங்க வேண்டும். நம்ம ஊர்க் கடைகளில் கிடைப்பது ஊட்டிக்குத் தாங்கும், கிளாஸ்கோவுக்குத் தாங்காது.

கண்ணில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்

பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு பக்கம் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கிற கடைகளில் காக்கில்ஸ் கிடைக்கும். வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு. ஐ.எஸ். 5983 என்பது கண் பாதுகாப்புக்கான இந்தியத் தரம். அங்கே மைதானத்தில் கேட்பது ஐரோப்பாவின் இ.என். 166, அல்லது அமெரிக்காவின் இசட்87 கூட்டல் குறி. உங்கள் கையில் இருக்கிற பொருளில் அது இல்லையென்றால் வாசலிலேயே மறித்துவிடலாம்.

இ.என். 166இல் ஓர் எழுத்து முக்கியம். எஃப் என்றால் 6 மி.மீ. இரும்புக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினால் தாங்கும். பி என்றால் 120 மீட்டர். அந்த இரும்புக் குண்டின் எடை 0.86 கிராம். கணக்குப் போட்டால் எஃப் வகை சுமார் 0.87 ஜூலுக்குச் சோதிக்கப்பட்டது, பி வகை சுமார் 6.2 ஜூலுக்கு. மைதானத்தில் பறப்பது 1.14 ஜூல். காதில் மாட்டுகிற சாதாரணக் கண்ணாடி வகைக்கு எஃப் வரைதான் முத்திரை கிடைக்கும். பி முத்திரை முகத்தோடு ஒட்டி மூடுகிற காக்கில்ஸுக்கும் முகக்கவசத்துக்கும்தான். ஆகவே பி போட்ட மூடிய காக்கில்ஸ் வாங்குங்கள். எழுத்து லென்ஸிலும் ஃப்ரேமிலும் பொறித்திருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மட்டும் ஸ்டிக்கராக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கம்பி வலை காக்கில்ஸ் ஆவி படியாது என்று சிலர் சிபாரிசு செய்வார்கள். சுவரில் பட்டு உடைகிற மலிவுக் குண்டின் துணுக்கு அந்த ஓட்டை வழியே உள்ளே வரும். வலை, வாயையும் பல்லையும் மூடுகிற கீழ்முகக் கவசத்துக்கு மட்டும் சரி. அதைக் கட்டாயம் போடுங்கள். முன்பல் உடைந்தால் வெளிநாட்டில் பல் வைத்தியருக்குக் கொடுக்கிற காசில் ஒரு துப்பாக்கியே வாங்கலாம்.

வாங்குமுன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். காக்கில்ஸை மாட்டி, உங்கள் கண்ணாடியும் உள்ளே இருக்க, கீழ்முகக் கவசத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். சுண்டுவிரலை ஓரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள்; விரல்நுனி உள்ளே நுழைகிற இடைவெளி எங்கேயும் இருக்கக் கூடாது. பெரும்பாலும் மூக்கின் இரு பக்கமும்தான் திறந்திருக்கும். தலையை வேகமாக ஆட்டுங்கள், குனிந்து நிமிருங்கள். பிறகு மாடிப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்க நில்லுங்கள். அப்போதும் எதிரே இருக்கிற எழுத்தைப் படிக்க முடிந்தால் அது உங்கள் காக்கில்ஸ். ஆவி படிந்தால் இரட்டை லென்ஸ் வைத்ததோ சின்ன விசிறி வைத்ததோ தேடுங்கள். ஆட்டத்தின் நடுவில் ஆவியைத் துடைக்க ஒரு நொடி கழற்றினாலும் மைதானத்து நடுவரான மார்ஷல் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பாத மைதானத்துக்கு நீங்களே இனிப் போகாதீர்கள்.

முதல் சில ஆட்டம் வாடகையில்

மைதானத்தின் இணையப் பக்கத்தில் "வாடகைப் பொதி" என்று ஒன்று இருக்கும். துப்பாக்கி, குண்டு நிரப்பி மாட்டுகிற மேகசின், முகக்கவசம், சில நேரம் மேலுடையும் கொடுப்பார்கள். ஜப்பானில் ஞாயிற்றுக்கிழமைப் பொது ஆட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் சுமார் 3,000 முதல் 4,500 யென், வாடகை தனி. முன்பதிவு செய்துவிடுங்கள், வாடகைத் துப்பாக்கி எண்ணி வைத்தபடிதான் இருக்கும்.

தனியாகப் போகத் தயங்க வேண்டாம். "நான் புதுசு, இதுதான் முதல் தடவை" என்று காலையிலேயே சொல்லிவிட்டால் யாராவது ஒருவர் கூட்டிக்கொண்டு போவார். பெண்கள் ஆடுகிற மைதானங்கள் நிறைய உண்டு, தங்கச்சிகளும் கேட்டுப் பார்த்துப் போகலாம். மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள்; மைதானத்தில் பர்கர்தான் இருக்கும், சைவம் என்றால் சிப்ஸ்தான். தண்ணீர் இரண்டு பாட்டில். பளிச்சென்ற சிவப்புத் துணி ஒன்று, அடி பட்டு வெளியே வரும்போது தலைக்கு மேல் பிடிக்க.

ஆடாத இடத்துக்குள் வரும்போது மேகசினைக் கழற்றினால் மட்டும் போதாது. துப்பாக்கியின் உள்ளறைக்குள் ஒரு குண்டு தங்கியிருக்கும். பாதுகாப்பான திசையில் ஒன்றிரண்டு தடவை சுட்டுக் காலி செய்துவிட்டு, சேஃப்டி போட்டு, குழாய் முனையில் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

இனி துப்பாக்கி

மூன்று வகை. ஸ்பிரிங்கில் ஓடுவது: ஒவ்வொரு குண்டுக்கும் இழுக்க வேண்டும். கேஸில் ஓடுவது: சுடும்போது பின்னால் உதைக்கும், ஆசையாக இருக்கும், ஆனால் குளிரில் கேஸின் அழுத்தம் இறங்கி மூச்சுவாங்கும். மின்சாரத்தில் ஓடுவது ஏ.இ.ஜி.; ஜப்பானின் டோக்கியோ மருய் 1991இல் கொண்டுவந்த ஏற்பாடு. புதியவருக்கு ஏ.இ.ஜி.தான், அதிலும் எம்4 உருவம்தான். அழகுக்காகச் சொல்லவில்லை. மேகசின், உதிரி பாகம், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் எல்லாமே அதற்குத்தான் எங்கும் கிடைக்கும். ஏகே பிடித்தால் அதுவும் சரி. யாரும் வைத்திருக்காத அபூர்வத் துப்பாக்கி வாங்கினால், ஒரு ஸ்பிரிங் போனாலே மூன்று மாதம் அலமாரியில் தூங்கும்.

ஸ்னைப்பர் ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். புதியவர் கையில் அது நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கிற வேலைதான்.

பெரிய மேகசினில் 300 குண்டுக்கு மேல் பிடிக்கும், ஆனால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடும்போது கிலுகிலுவென்று சத்தம் வரும். நூற்றிச் சொச்சம் பிடிக்கிற நடுத்தர மேகசின் நாலைந்து வாங்குங்கள்.

ஹாப்-அப் என்கிற சின்னத் திருகைப் புரிந்துகொள்ளாமல் பலர் "என் துப்பாக்கி தூரம் போகல" என்று புலம்புவார்கள். குழாய்க்குள் இருக்கிற ஒரு ரப்பர் துண்டு, குண்டின் மேல்புறத்தை உரசி, அதைப் பின்னோக்கிச் சுழல வைக்கிறது. வியாசர்பாடி மைதானத்தில் பந்தின் அடியில் வெட்டி உதைத்தால் சுழன்றபடி மிதந்து போகுமே, அதே சங்கதி. திருகு குறைவாக இருந்தால் குண்டு சீக்கிரம் கீழே விழும். அதிகமானால் வானத்துக்கு ஏறும். நேராகப் போய்க் கடைசியில் மெல்லக் கீழே இறங்குகிற இடம் வரும்வரை சிறிது சிறிதாகத் திருப்புங்கள். குண்டின் எடையை மாற்றினால் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

குண்டு, பேட்டரி, கேஸ்

குண்டில் மலிவு பார்த்தால் அது குழாயில் சிக்கித் துப்பாக்கியைக் கெடுக்கும். நல்ல குண்டின் விட்டம் 5.95 மி.மீ. அளவில், தையல் கோடு தெரியாமல் வழவழவென்று இருக்கும். திறந்தவெளி ஆட்டத்துக்கு 0.25 அல்லது 0.28 கிராம் எடுங்கள், 0.20 காற்றில் அலையும். பல மைதானங்கள் மண்ணில் மக்குகிற வகையை மட்டும்தான் அனுமதிக்கும். கீழே விழுந்ததைப் பொறுக்கி மறுபடி போடாதீர்கள்.

பேட்டரி இப்போது பெரும்பாலும் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர். துப்பாக்கிக் கடைக்காரர் சொல்கிற 7.4 வோல்ட் புதியவருக்குப் போதும். ஒவ்வொரு செல்லும் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் செத்துவிடும், வீங்கும். வீங்கியதை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். செல்களைச் சமன்செய்கிற சார்ஜர், தீத்தாங்கும் பை இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஆட்டம் இல்லாத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். ஆறு பேர் தங்குகிற ஃபிளாட்டில் இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

கேஸ் பிஸ்டல் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஜப்பானியத் தயாரிப்புகள் பலவற்றின் பிளாஸ்டிக் ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகர்கிற மேல்பாகம், அந்த ஊரின் குறைந்த அழுத்த கேஸுக்குச் செய்தது. பிரிட்டனில் கிடைக்கிற கிரீன் கேஸ், அதாவது சிலிக்கான் எண்ணெய் கலந்த புரொப்பேன், அதைவிட அழுத்தம் அதிகம். ஸ்லைடு பிளந்துவிடும். கேனை விமானத்தில் எடுத்துப்போகவே முடியாது.

வைத்திருப்பது, தூக்கிப்போவது, போட்டோ

அறை வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். மாணவர் விடுதிகள் பலவற்றில் போலித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அப்படியானால் மைதானத்தின் லாக்கரையோ நம்பகமான நண்பர் வீட்டையோ பாருங்கள்.

வெளியே எடுத்தால் மூடிய பையில், பேட்டரி கழற்றி, மேகசின் தனியாக. பிரிட்டனில் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் போலித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஆட்டத்துக்குப் போகும் வழியில் டீ குடிக்க இறங்கிக் கடையில் பையைத் திறந்து காட்டுவதெல்லாம் தகுந்த காரணத்தில் சேராது. பால்கனியிலோ ஜன்னல் ஓரத்திலோ கையில் எடுத்துப் பார்க்காதீர்கள். எதிர்வீட்டுக்காரருக்கு அது பொம்மையா நிஜமா என்று தெரியாது; கறுப்பாக, வெளிநாட்டுக்காரராக ஓர் ஆள் துப்பாக்கியோடு நிற்கிறார் என்றுதான் போன் போகும். வருவது ஆயுதம் ஏந்திய போலீஸ்.

அடுத்தது நம்ம ஆட்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியது. ஏர்சாஃப்ட் கடைகளில் புலிவரி உடை சாதாரணமாகத் தொங்கும். வியட்நாம் போர்க்காலத்து வடிவம் அது. அமெரிக்கரோ ஜப்பானியரோ போட்டால் அது வெறும் உடை. தமிழ்ப் பெயர் உள்ள ஒருவர் அதைப் போட்டு, கையில் ஏகேயோடு படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால், பார்க்கிறவர் மனதில் ஓடுவது வேறு. விடுதலைப் புலிகள் இந்தியா, பிரிட்டன், கனடா, அமெரிக்கா எல்லாவற்றிலும் தடை செய்யப்பட்ட இயக்கம். 2025 ஜூனிலிருந்து அமெரிக்க மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்கைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் அரசியல் என்னவாகவும் இருக்கட்டும். விசா அதிகாரியிடம் உட்கார்ந்து ஒரு விளையாட்டை விளக்கிக்கொண்டிருக்கிற நிலை வேண்டாம். அந்த உடையை விட்டுவிடுங்கள், படம் எடுத்தால் ஆரஞ்சு நுனியும் முகக்கவசமும் மைதானத்துப் பெயர்ப்பலகையும் தெரிய எடுங்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுமுன் அம்மாவுக்குத் தனியாகப் போன் பண்ணிச் சொல்லிவிடுவதும் நல்லது.

ஊர் திரும்பும்போது

துப்பாக்கியைச் சென்னைக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். பிரித்து மூன்று பெட்டியில் போட்டால் தெரியாது என்று யாராவது சொல்வார்கள். மீனம்பாக்கத்தில் ஸ்கேனருக்குத் தெரியும். கேபின் பையில் பொம்மைத் துப்பாக்கிக்கே அனுமதி இல்லை. அனுமதிப் பத்திரம் இல்லாமல் சுங்கத்தில் மாட்டினால் பொருளும் போகும், அன்றைய நாளும் போகும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மைதானத்தில் சொல்லிவையுங்கள், வாங்க ஆள் கிடைக்கும். பிரிட்டனில் என்றால் வாங்குகிறவரின் யுகாரா எண்ணைச் சரிபார்த்துவிட்டு விற்க வேண்டும், அந்தப் பொறுப்பு உங்களுடையது. பேட்டரியையும் சார்ஜரையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். காக்கில்ஸ், ஷூ, கையுறை, முழங்கால் பேட் நான்கையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வரலாம். மீந்த குண்டுப் பையை அங்கேயே ஏதாவது ஒரு புதுப் பையனிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.